குத்த வேண்டிய இடம்

நம் நாட்டில் ஒரு குழந்தை பிறந்த அரை மணி நேரத்துக்குள் அதைப் பற்றி நமக்குத் தெரியாதது எதுவும் இருக்காது. பிறந்த நேரம் நிமிஷ சுத்தமாகத் தெரியும், ஜோசியர் கேட்பார். நட்சத்திரம் தெரியும், பாதம் தெரியும், தாய்மாமனுக்கு ஆகுமா ஆகாதா என்பது தெரியும். மூக்கு அப்பத்தா சாடை, நிறம் அம்மாச்சி வழி என்று வார்டு வாசலிலேயே பாகப்பிரிவினை முடிந்துவிடும். ஆண் என்றால் ஆயாவுக்கு எவ்வளவு, பெண் என்றால் எவ்வளவு என்பதும் தெரியும். அந்த ரேட் எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது, ஆனாலும் மாறாது. அரசாங்கத்துக்கும் எல்லாம் தெரியும். வயிற்றில் இருக்கும்போதே தாய்க்கு ஆர்.சி.எச். எண் போட்டாயிற்று. அந்த எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கு நடையாய் நடக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று தெரியாது. குழந்தையின் தைராய்டு சுரக்கிறதா, இல்லையா?

தெரிந்துகொள்ள மலையைப் புரட்ட வேண்டாம். குதிகாலில் ஒரு குத்து. நாலைந்து சொட்டு ரத்தம். வட்டம் அச்சடித்த ஒரு தடித்த வடிதாள் அட்டை. காய்ந்த அட்டையைத் தபாலில்கூட அனுப்பலாம். உலகம் இதை அறுபது வருஷமாகச் செய்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1963-இல் கட்டாயமாக்கியது. அப்போது பார்த்தது பினைல்கீட்டோன்யூரியா என்ற ஒரே நோயை. தைராய்டுக்கும் இப்படிப் பார்க்கலாம் என்று 1974-இல் கனடாவின் கியூபெக் செய்து காட்டியது. பணக்கார நாட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டாம். பிலிப்பைன்ஸ் 2004-இல் இதற்கென்று தனிச் சட்டமே போட்டது. பக்கத்து வீட்டுக் கேரளம் அரசு மருத்துவமனைக் குழந்தைகளுக்கு நான்கு கோளாறுகளைப் பார்க்கிறது. இந்தியா முழுமைக்கும் கட்டாயம் என்று ஒன்று? இல்லை. சில மாநிலங்களில் திட்டம், சில மாவட்டங்களில் முன்னோட்டம், மிச்ச இடங்களில் கடவுள் விட்ட வழி.

தைராய்டு குறைபாட்டின் குரூரம் என்னவென்றால், வரும்போது நல்ல பிள்ளை வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. தைராய்டு சுரக்காத குழந்தை அதிகம் அழாது. பகலும் தூங்கும், இரவும் தூங்கும். பாலுக்கு அடம் பிடிக்காது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "என்ன சமத்து!" என்பார்கள். மஞ்சள் காமாலை வாரக்கணக்கில் இழுக்கும். "காலை வெயில்ல காட்டும்மா" என்பார்கள். மூன்று நான்கு நாள் வெளிக்குப் போகாது. வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்ப்பார்கள். தொப்புள் பிதுங்கும், அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துத் துணியால் கட்டுவார்கள். அழுகை கரகரக்கும், வசம்பை உரசுவார்கள். ஒவ்வொன்றுக்கும் கைவசம் ஒரு பதில் உண்டு. மொத்தத்தையும் சேர்த்து ஒரு கேள்வியாகக் கேட்க ஆளில்லை.

பாட்டிகளைத் திட்டி முடித்துவிடலாம் என்று கிளம்பும் படித்த ஆத்மாக்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு முதல் சில நாட்களில் எந்த அடையாளமும் இருக்காது. தாயிடமிருந்து வந்த ஹார்மோன் கொஞ்ச நாள் காப்பாற்றிக்கொண்டிருக்கும். தங்க மெடல் வாங்கிய டாக்டர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் தெரியாது. அதனால்தான் ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். அடையாளம் எல்லாம் வெளியே வந்து, "ஏன் இன்னும் தலை நிற்கவில்லை, ஏன் உட்காரவில்லை" என்று தூக்கிக்கொண்டு ஓடும்போது மூளை தன் வேலையை முடித்திருக்கும். அதாவது, முடிக்காமலே விட்டிருக்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் அந்தக் குழந்தை மற்ற குழந்தைகளைப் போலவே வளரும், படிக்கும், பரீட்சையில் காப்பி அடிக்கும், எம்.எல்.ஏ. ஆகும். மாதக்கணக்கில் தாமதித்தால் போனது போனதுதான். பிறகு எத்தனை மாத்திரை கொடுத்தாலும் திரும்பாது.

மருந்து என்ன? தைராக்சின். இறக்குமதி இல்லை, ஊசி இல்லை, குளிர்சாதனப் பெட்டி இல்லை. மாத்திரையைப் பொடித்து, ஒரு கரண்டி தாய்ப்பாலில் கலக்கி, தினமும் ஒரு வேளை புகட்ட வேண்டும். ஒரு மாத்திரை ஒன்றிரண்டு ரூபாய்.

இப்போது கணக்குக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை உட்பட ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்தது. பிறவித் தைராய்டு குறைபாடு 1,130 பேரில் ஒருவருக்கு. சென்னை மையத்தில் 727 பேரில் ஒருவருக்கு. தமிழ்நாட்டில் ஆண்டுக்குப் பிறப்பு எட்டு லட்சம் என்றே குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். 727-ஆல் வகுத்தால் 1,100. நாடு முழுமைக்கும் இரண்டேகால் கோடிப் பிறப்பு என்றால், 1,130-ஆல் வகுத்தாலே இருபதாயிரத்துக்கு நெருக்கம். வருஷா வருஷம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் வகுத்தல் கணக்கு இது. கோட்டையிலும் டெல்லியிலும் ஐந்தாம் வகுப்பு தேறியவர்கள் இருப்பார்கள் என்றுதான் நம்புகிறேன்.

அவர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்லக் கூடாது. பட்டியல் போட்டார்கள். 2013-இல் மத்திய அரசு ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம் தொடங்கியது. குழந்தைகளிடம் கண்டுபிடிக்க வேண்டிய முப்பது கோளாறுகள். பிறவித் தைராய்டு அதில் இருக்கிறது. எப்படி? பட்டியலின் வாலில், "விருப்பத்துக்கு உட்பட்டது" என்ற வகையில். மாநிலத்துக்கு விருப்பமிருந்தால் பார்க்கலாம். பத்து ரூபாய் பஜ்ஜிக்குச் சட்னி மாதிரி, கேட்டால் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது. மேடைதோறும் நாம் தட்டிக்கொள்ளும் தோள் அது, நியாயமான பெருமைதான். ஆனால் அதன் அர்த்தம் என்ன? ஒவ்வொரு குழந்தையின் குதிகாலும் ஒரு நர்ஸின் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு நாளாவது கிடக்கிறது. காட்டிலும் மேட்டிலும் தேடிப்போக வேண்டியதில்லை. பி.சி.ஜி. போடுகிறோம், போலியோ சொட்டு ஊற்றுகிறோம், எடை பார்க்கிறோம். அதே கட்டில், அதே குழந்தை, அதே நர்ஸ். குதிகாலுக்கு மட்டும் கொள்கை முடிவு வேண்டும்.

அந்த முடிவு ஏன் வரவில்லை என்று யோசித்தால் ஒரே காரணம்தான் புலப்படுகிறது. இதில் திறந்து வைக்க ஒன்றுமில்லை. 2015-இல் தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளில் 16 பொருள் கொண்ட குழந்தைப் பரிசுப் பெட்டகம் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆயிரம் ரூபாய் பெறுமானம். துண்டு, உடை, கொசுவலை, சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை. குறை சொல்லவில்லை, ஏழைத் தாய்க்குக் கொசுவலை தேவைதான். பெட்டிக்கு நாலு பக்கம் இருக்கிறது, பெயர் எழுதலாம், படம் ஒட்டலாம். ரத்த அட்டையில் எங்கே ஒட்டுவது? இருப்பதே நாலைந்து வட்டம். அதற்குமேல் கட்சிக் கலர் மை பட்டால் ஆய்வகம் அட்டையைக் குப்பையில் போட்டுவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு. தடுக்கப்பட்ட ஊனத்துக்குப் பயனாளி கிடையாது. காப்பாற்றப்பட்ட பிள்ளைக்குத் தான் காப்பாற்றப்பட்டதே தெரியாது. மேடையேறி நன்றி சொல்லவும் வராது, வோட்டும் போடாது.

ஊனமான பிறகு வா, அரசாங்கம் அன்பே உருவாக மாறும். முகாம் போடுவார்கள். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஒலிபெருக்கி. பதினைந்து வயசுப் பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு தாய் வரிசையில் நிற்பாள். மூளையில் எத்தனை சதவீதம் போயிற்று என்று அளந்து சான்றிதழ் தருவார்கள். அடையாள அட்டை தருவார்கள். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருவார்கள். தர வேண்டியதுதான்; அந்தத் தொகை போதவும் போதாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். மாத்திரை ஒரு நாளைக்கு இரண்டு ரூபாய் என்றே வையுங்கள், வருஷத்துக்கு 730 ரூபாய். பராமரிப்புத் தொகை வருஷத்துக்கு 24,000 ரூபாய். 730 செலவழித்து ஒரு மனிதனை முழுசாக வைத்திருக்க மனசில்லாத கஜானா, அவனை உடையவிட்டு 24,000 கொடுத்து அதற்குக் கருணை என்று பெயர் வைக்கிறது. அந்தத் தாய் வாழ்நாளெல்லாம் கொடுப்பது எந்த பட்ஜெட்டிலும் வராது.

சரி, அரசாங்கம் வேண்டாம், தனியாரிடம் போவோம் என்கிறீர்களா? வாருங்கள், கார்டு தேய்க்கும் மெஷினைக் கட்டிலுக்கே கொண்டு வருகிறார்கள். ஐம்பது நோய் ஒரு விலை. நூறு நோய் ஒரு விலை. பிரசவ வலி அடங்காத தாயிடம், "உங்க பேபிக்கு இல்லாமலா சார்?" என்று அப்பனைப் பார்த்துக் கேட்கத் தெரிந்த ஆள் வருவார். அந்த நூறில் என்னென்ன, எதற்கு மருந்து உண்டு, வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஆள் வரமாட்டார். வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். வரும். திறந்து பார்த்தால் நமக்குப் புரிவது குழந்தையின் பெயர் மட்டும்; அதையும் தப்பாகத்தான் அடித்திருப்பார்கள். ஒன்று கவனியுங்கள். சில இடங்களில் சிறுநீரை மட்டும் வைத்து நூற்றுச் சொச்சம் நோய் பார்க்கிறோம் என்பார்கள். சிறுநீரில் தைராய்டு குறைபாடு தெரியாது. நூறு நோயும் பார்த்துவிட்டோம் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகும் அப்பனுக்கு, நூற்றியோராவதுதான் தன் ஊரில் மிகவும் சகஜம் என்று யார் சொல்வது?

கடையின் இன்னொரு பிரிவு தொப்புள்கொடி ரத்த வங்கி. ஏழாம் மாதத்திலிருந்தே போன் வரும். பல ஆயிரம் கட்டுங்கள், தவணையும் உண்டு, ஸ்டெம் செல்லை உறைய வைத்து உங்கள் குழந்தையின் எதிர்காலத்துக்குப் பத்திரமாக வைக்கிறோம் என்பார்கள். குழந்தையின் சொந்த எதிர்கால உபயோகத்துக்கென்று இப்படிச் சேமிக்க அறிவியல் ஆதாரம் இல்லை என்று அதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் வழிகாட்டு நெறிகளில் எழுதி வைத்திருக்கிறது. எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இதில் வேடிக்கை, அதே தொப்புள்கொடி ரத்தத்தில் சில சொட்டு எடுத்தால் தைராய்டைப் பார்த்துவிடலாம். இல்லாத நோய்க்காக உறைய வைக்கக் கடன் வாங்குகிறோம். இருக்கிற நோயைத் தட்டோடு கழுவி ஊற்றுகிறோம்.

இந்த வியாபாரம் இன்று நேற்று வந்ததில்லை. குதிகால் ரத்தச் சோதனையை உருவாக்கிய ராபர்ட் கத்ரி, 500 குழந்தைகளுக்கான சோதனைப் பெட்டியை ஏறக்குறைய 6 டாலரில் தானே தயாரித்தார். உரிமம் வாங்கிய கம்பெனி அதற்கு வைத்த விலை 262 டாலர். மனிதர் கொதித்துப்போனார். சண்டை அமெரிக்க நாடாளுமன்றக் குழு வரை போனது. அவருக்குக் கோபம் வர நியாயம் இருந்தது: அவர் மகனுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு, மைத்துனி மகளுக்கு பினைல்கீட்டோன்யூரியா. நம் ஊரில் யாருக்கும் அந்தக் கோபம் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

குடும்பத்தையும் சும்மா விடக் கூடாது. "பச்சைப் புள்ளையைக் குத்தாதீங்க, ஊமைக்காயமா நிக்கும்" என்று மாமியார் குறுக்கே விழுவார். அதே மாமியார் பத்து மாதம் கழித்துக் குலதெய்வம் கோயிலில் மொட்டை அடித்து, தாய்மாமன் மடியில் இறுக்கிப் பிடித்து, ஆசாரியை விட்டு இரண்டு காதிலும் குத்த வைப்பார். குழந்தை வீறிடும், எல்லோரும் சிரிப்பார்கள். முச்சந்தியில் ஃபிளெக்ஸ், கிடா விருந்து, மொய் நோட்டு. காதுக்கு ஊர்கூடிக் குத்தலாம். குதிகாலுக்கு மட்டும் இரக்கம் பொங்கும். தமிழ்நாட்டில் நாலில் ஒன்றுக்கும் மேற்பட்ட கல்யாணம் சொந்தத்தில்தான் நடக்கிறது என்கிறது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இந்த அட்டையில் பார்க்கும் நோய்களில் பல, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே பழுது சேரும்போது வருபவை. அத்தை மகளைக் கட்டியவர்கள் குதிகாலைக் காட்டத் தயங்குவது கொஞ்சம் அதிகப்படி.

எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டியவர்கள் சொல்வதில்லை. பிறந்து 48 மணி நேரம் கழித்து, 72 மணிக்குள் எடுப்பது உத்தமம். முதல் நாளில் எல்லாக் குழந்தைக்கும் தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோன் எகிறிக் கிடக்கும்; அப்போது எடுத்தால் இல்லாத நோய் இருப்பது போல் காட்டும். சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினால் எடுக்காமல் விடக் கூடாது, எடுத்துவிட்டு மறுபடி வரச் சொல்ல வேண்டும். காலை வெதுவெதுப்பான துணியால் சூடாக்க வேண்டும். குத்துவது குதிகாலின் ஓரத்தில். நட்டநடுவில் எலும்பிருக்கிறது, அங்கே கூடாது. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டுகளை வட்டம் நிறைய, தாளின் மறுபக்கம் தெரிய ஊற விட வேண்டும். பிதுக்கி எடுக்கக் கூடாது. தாய் அந்த நேரம் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் குழந்தைக்கு வலி குறையும். அழும், ஒரு நிமிஷம். அட்டை வெயில் படாமல், படுக்கை வாட்டில் சில மணி நேரம் காய வேண்டும். ஃபேன் ஓடும் மேஜையில், டீ டம்ளருக்கும் டியூட்டி ரெஜிஸ்டருக்கும் நடுவில் அல்ல.

பிறகு போன் வரலாம். "திரும்ப ரத்தம் எடுக்கணும், வாங்க." அதற்கு நோய் என்று அர்த்தமில்லை. ரத்தம் போதவில்லை, சீக்கிரம் எடுத்துவிட்டார்கள், குறைமாதக் குழந்தை, அளவு எல்லைக்கோட்டில் நிற்கிறது, இப்படிப் பல காரணம். அலற வேண்டாம். ஆனால் ஆடி கழியட்டும், தீட்டுக் கழியட்டும், அஷ்டமி போகட்டும் என்று தள்ளவும் கூடாது. இரண்டு வாரம் என்பது நமக்காகக் காத்திருக்காத கெடு. அந்த போன் உங்களுக்கு வந்து சேர வேண்டுமே! படிவத்தில் எழுதுவது புருஷன் வீட்டு ஆதார் முகவரி. தாயும் பிள்ளையும் மூன்று மாதம் இருக்கப்போவது தாய்வீட்டில், வேறு மாவட்டத்தில். கொடுத்த நம்பர் கல்ஃபிலிருக்கும் அப்பனுடையது. தெரியாத நம்பர் என்று கட் பண்ணுவான். ரிப்போர்ட் ஒரு ஃபைலில் தூங்கும், குழந்தை ஒரு தொட்டிலில் தூங்கும். மூன்றாம் மாதம் ஊர் திரும்பும்போதுதான் இரண்டுக்கும் அறிமுகம்.

இதே அட்டையில் ஜி6பிடி என்று ஒன்றும் பார்ப்பார்கள். அந்தக் குறை உள்ள குழந்தைக்கு அந்துருண்டை விஷம். ரத்த அணு உடைந்து காமாலை ஏறும். நாம் என்ன செய்வோம்? மூத்த பிள்ளையின் சட்டைகளை அந்துருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்து, ராசியான சட்டை என்று முதல் வேலையாக அதைத்தான் மாட்டுவோம். சோதனை நடந்திருந்தால் அந்தச் சட்டை பெட்டியிலேயே இருந்திருக்கும்.

அமெரிக்காவில் பிரச்சினையே வேறு. டெக்சாஸில், பெற்றோரைக் கேட்காமல் ரத்த அட்டைகளை வருஷக்கணக்கில் சேர்த்து வைத்ததாக வழக்குப் போட்டு, ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை அழிக்க வைத்தார்கள். அங்கே சண்டை, எடுத்த ரத்தத்தை என்ன செய்கிறாய் என்று. நாம் இன்னும் எடு என்ற இடத்துக்கே வந்து சேரவில்லை.

ஆகவே, இதைப் படிக்கும் அப்பா, அம்மா, தாத்தா, தாய்மாமன் எல்லோருக்கும். டிஸ்சார்ஜ் அன்று ஆயாவுக்குக் கொடுப்பதைக் கொடுக்கும் முன் டியூட்டி டாக்டரிடம் கேளுங்கள். குழந்தைக்கு ரத்தம் எடுத்தாயிற்றா? எந்தத் தேதி, எத்தனை மணிக்கு? அதில் தைராய்டு உண்டா? ரிசல்ட் எப்போது, யார் சொல்வார்கள்? குழந்தை இருக்கப்போகும் வீட்டின் நம்பரை அட்டையில் எழுத வையுங்கள். எடுக்கவில்லை என்றால் ஊருக்குப் போனதும் ஒரு லேபில் டிஎஸ்எச்சும் ஃப்ரீ டி4-ம் பார்த்து, அந்தச் சீட்டைக் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். ஜாதகம் எழுதக் கொடுக்கும் காசில் மிச்சமே இருக்கும். "எங்ககிட்ட அந்த வசதி இல்லை" என்றால், அதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேளுங்கள். அந்த வரி இல்லாமல் சீட்டை வாங்காதீர்கள்.